வேணும்னே

அரசு வாரியம் அதற்கு வைத்த பெயர் 'செயல்முன் விருப்ப அளவி'. வாரியத்துக்கு வெளியே ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஈரோட்டில் எல்லோருக்கும் அது வேணும்னே மிஷின்தான். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஒரு சின்ன வில்லை, அதோடு பேசும் ஒரு பெட்டி, பெட்டியின் மேல் இரண்டு விளக்குகள். ஒரு பிள்ளை கையை ஓங்கினால், ஓங்கு என்று மூளை முன்கூட்டி முடிவெடுத்ததா, இல்லை கை தானாகக் கிளம்பிவிட்டதா என்று அது சொல்லிவிடும். முடிவெடுத்திருந்தால் மஞ்சள் எரியும். தானாக நடந்திருந்தால் நீலம். மஞ்சள் என்றால் சேட்டை, நீலம் என்றால் கோளாறு. கோளாறுக்கு உதவி உண்டு, சேட்டைக்கு உதை உண்டு. முந்நூறு பக்கச் சட்டத்தின் சாரம் அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வரும். எனக்கும்தான் வருகிறது என்று சொல்லாதீர்கள், உங்களுக்கு வருவது வேறு. உங்களுக்குக் கோபம் வரும்போது நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள். நான் இருக்கமாட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பெஞ்சு கவிழ்ந்து கிடக்கும், யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். இரண்டாம் வகுப்பில் பி.டி. மாஸ்டர் என்னை அடக்குகிறேன் பேர்வழி என்று பின்னாலிருந்து இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார். பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. அவருடைய முன்பல் ஒன்று போயிருந்ததை வைத்துத்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். அதிலிருந்து, பின்னாலிருந்து யாராவது என்னைப் பிடித்தால் போதும், அதற்கு மேல் நான் இல்லை.

பள்ளியைவிட்டு நிறுத்தாமல் என்னை ஜெனிட்டா மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். அவர்தான் எங்கள் பள்ளியின் சிறப்பு ஆசிரியை. மாடி வராந்தாவின் கடைசியில் அவருக்கு ஓர் அறை இருந்தது. அமைதி அறை என்று பெயர். கனமான திரை, ஒரு பாய், அடிப்பதற்கு ஒரு கழிவுப்பஞ்சு மூட்டை. தறி ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்? அந்த மூட்டையை நான் அடித்து அடித்து ஒரு பக்கம் குழிந்தே போய்விட்டது.

"கோபம் திடீர்னு வருதுன்னு யார் சொன்னா? அது ஏறி வருது. நீதான் கவனிக்கறதில்ல" என்றார் மிஸ். "முதல்ல எங்க தெரியுது, யோசிச்சுச் சொல்லு பாப்போம்."

யோசிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. முதலில் காது மடல் சூடாகும். பிறகு நாக்கு உலரும். பிறகு மற்றவர்கள் பேசுவது கொஞ்சம் தாமதமாகக் கேட்கும். அதற்குப் பிறகு நான் இல்லை. காது சூடாகும்போதே செய்ய ஒரு வேலை கொடுத்தார் மிஸ். தண்ணீர் பாட்டிலைத் தூக்கித் தரையில் வீசிவிட்டு எழுந்து அமைதி அறைக்கு வந்துவிட வேண்டும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இதற்காக ஒவ்வொரு டீச்சரிடமும் போய் மல்லுக்கட்டி, சம்மதம் வாங்கி வைத்திருந்தார். பாட்டில் விழுந்தால் கணக்கு டீச்சர் போர்டிலிருந்து திரும்பக்கூட மாட்டார். "தாமிரா, போயிட்டு வா" என்பார்.

ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் யாரையும் அடிக்கவில்லை. மார்க்கும் ஏறியது. மிஸ் எனக்குக் கொடுத்த வாக்கு ஒன்றுதான். "நான் இருக்கற வரைக்கும் யாரும் உன்னப் பின்னாலருந்து பிடிக்க மாட்டாங்க." அம்மாவிடம்கூட நான் அவ்வளவு பிரியமாக இருந்ததில்லை. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது சட்டம் வந்தது. கண்ட பிள்ளைக்கும் கோளாறு என்று எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள், டாக்டருக்கு டாக்டர் சொல்வது மாறுகிறது, ஆகவே இனி அளந்து பார்த்துத்தான் உதவி என்றார்கள். ஏற்கெனவே உதவி பெறுகிறவர்களையும் மறுபடி அளக்க வேண்டுமாம். என் காதுக்குப் பின்னால் வில்லையை ஒட்டி வகுப்பில் உட்கார வைத்தார்கள். அந்த வாரம் நான் பாட்டிலைப் பல தடவை வீசினேன். நல்ல பிள்ளையாக, சொல்லிக்கொடுத்தபடி, காது சூடான உடனே.

வாரியத்திலிருந்து சபரிநாதன் சார் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. தலைமையாசிரியர் அறையில் அம்மா, மிஸ், நான் மூவரும் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். அப்பா சூரத்தில் தறி ரோபோக்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார், தீபாவளிக்குத்தான் வருவார்.

"வீட்டுல பாப்பா எப்படிம்மா?" என்று கேட்டார் சார்.

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். வீட்டில் நான் உடைத்த டிவி, பெயர்த்தெடுத்த கதவுக் கொண்டி, பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசாமல் போனது எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் வெளி ஆள் ஒருவர் முன்னால் பெற்ற பெண்ணைப் பற்றிக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"வீட்ல தங்கமுங்க" என்றாள். "சொன்னாக் கேட்டுக்குவா. சித்த புடிவாதம் உண்டுங்க, அது எங்க குடும்பத்துக்கே உள்ளதுதானுங்க. மத்தபடி ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க."

மிஸ் மேஜைக்கு அடியில் அம்மாவின் காலை மிதித்தார். அம்மா புரியாமல் காலை நகர்த்திக்கொண்டாள். சார் பதிவு செய்துகொண்டார்.

"மார்க்கும் நல்லா இருக்கு" என்றார். "மேடம், உங்களுக்கே தெரியும். கோளாறுன்னு எழுதணும்னா நாலு விஷயம் இருக்கணும். ரொம்ப நாளா இருக்கணும். வீடு, பள்ளிக்கூடம் ரெண்டுலயும் இருக்கணும். படிப்பக் கெடுக்கணும். பிள்ளையோட வசத்துல இல்லாம நடக்கணும். முதலாவது இருக்கு. வீட்டுல இல்லன்னு அம்மாவே சொல்றாங்க. படிப்பு கெடல. நாலாவதுக்கு மிஷின் இருக்கு. ஒவ்வொரு தடவை பாட்டில் வீசும்போதும் மஞ்சள். ஒரு நீலம்கூட இல்ல. தெரிஞ்சேதான் வீசுறா."

"தெரிஞ்சு வீசத்தான் சார் இத்தன வருஷமா நான் சொல்லிக்குடுத்தேன்" என்றார் மிஸ். "அந்த பாட்டில வீசலன்னா அடுத்தது ஆள் மேலதான் விழும். நீலம் வரக் கூடாதுன்னுதான் மஞ்சளக் கத்துக்குடுத்தேன்."

"அப்ப குணமாயிடுச்சுன்னு எழுதலாமா?"

"அறைய எடுத்தீங்கன்னா மறுநாளே பழையபடி ஆயிடும் சார். அறை இருக்கறதாலதான் மார்க் வருது."

"மேடம், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா சட்டத்துல அதுக்கு இடம் இல்ல. குணம்னு எழுதினா அறை கிடையாது. குணம் ஆகலன்னு எழுதினா, மஞ்சள் இருக்கறதால அது சேட்டை. ஒரே வாரத்துல இத்தன தடவ சேட்டைன்னா ஒழுங்குப் பள்ளிக்குத்தான் எழுதணும்."

அப்போதுதான் அம்மாவுக்கு விளங்கியது. ஒழுங்குப் பள்ளி என்பது கரூர் ரோட்டில், ஊரைவிட்டு விலகி, விடுதியோடு இருக்கும் இடம். அங்கே அமைதி அறை கிடையாது. அடங்காத பிள்ளையை நான்கு பேர் பிடிப்பார்கள் என்றார் மிஸ். பிடிப்பார்கள் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது சூடாயிற்று. நான் பாட்டிலை எடுத்தேன். பிறகு காதுக்குப் பின்னால் இருந்த வில்லை ஞாபகம் வந்து மெதுவாகக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு அந்த அறை வேணும். அதற்காக நான் எதையும் வேணும்னே செய்யக் கூடாது. இரண்டு சொல்லுக்கும் எவ்வளவு தூரம் என்று பன்னிரண்டு வயதில் எனக்குப் புரிந்தது.

"சார், நான் தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். "வீட்லயும் ஒடைப்பாளுங்க. நெறைய ஒடைப்பாளுங்க. என்ற புள்ளைய நானே எப்படிங்க குத்தம் சொல்றது."

சார் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். மேல்முறையீடு ஒன்று உண்டு என்றார். வாரிய அலுவலகத்துக்கு வர வேண்டும், வில்லையை ஒட்டி ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பெற்றவரும் ஆசிரியரும் கூட இருக்கலாம். அதிகாரிகள் பிள்ளையைத் தூண்டிவிடக் கூடாது, அது சட்டம். ஆனால் அந்த நேரத்துக்குள் தானாக ஏதாவது நடந்து ஒரே ஒரு நீலம் எரிந்தாலும் போதும், பழையபடி உதவி தொடரும்.

"ஒரே ஒரு தடவ எரிஞ்சாப் போதுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"போதும்மா. சும்மா நடிச்சா மஞ்சள்தான் வரும், அதயும் சொல்லிடறேன். பிள்ளைக்குச் சொல்லி வச்சுக் கூட்டிட்டு வந்து பயனில்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அன்றைக்குச் சரியாகக் கவனிக்கவில்லை. கவனித்தவர்கள் இரண்டு பேர்.

அடுத்த சில நாட்கள் என் வாழ்க்கையிலேயே சுகமான நாட்கள். அம்மா திட்டவே இல்லை. கேட்காமலே முட்டை தோசை வந்தது. மிஸ் வழக்கத்தைவிட அதிக நேரம் என்னோடு உட்கார்ந்தார். ஒருநாள் எனக்குத் தலை பின்னிவிட்டார், ரிப்பன் கட்டிவிட்டு என் தலையைத் தன் தோளில் கொஞ்ச நேரம் சாய்த்து வைத்துக்கொண்டார். இவ்வளவு அன்பு எதற்கு என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. கிடைக்கும்போது பிள்ளைகள் ஏன் என்று கேட்பதில்லை.

"அங்க வந்து நான் என்ன மிஸ் பண்ணணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். நீ நீயா இரு. கேட்டதுக்குப் பதில் சொல்லு. மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

"நீலம் வரலன்னா?"

"அதெல்லாம் நீ யோசிக்காத. யோசிச்சாத்தான் வம்பு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். 

வாரிய அலுவலகம் பெருந்துறை ரோட்டில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் இருந்தது. மணமகள் அறையைத்தான் சோதனை அறையாக மாற்றியிருந்தார்கள். சுவரில் பதித்திருந்த நீளக் கண்ணாடியை எடுக்காமல் பேப்பர் ஒட்டி மறைத்திருந்தார்கள். பெட்டி மேஜைமேல் இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் சபரிநாதன் சார், அவருக்குப் பக்கத்தில் அம்மா. எனக்குப் பின்னால், கதவோரமாக மிஸ்ஸுக்கு ஒரு நாற்காலி. என் பின்னால் மிஸ் இருப்பது எனக்குப் பெரிய தைரியம். வேறு யாராவது இருந்திருந்தால் நான் உட்கார்ந்தே இருந்திருக்கமாட்டேன்.

சார் என்னிடம் பிடித்த பாடம் கேட்டார். அறிவியல் என்றேன். தோழிகள் உண்டா என்று கேட்டார். ஒருத்தி உண்டு, அவள் அப்பா மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார் என்றேன். மஞ்சள் என்ற சொல்லைக் கேட்டு அம்மா பெட்டியைப் பார்த்தாள். சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது என்று நினைக்கிறேன், அம்மா நெளிய ஆரம்பித்தாள். என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள். லேசாகத் தலையசைத்தாள்.

இரண்டு கைகள் பின்னாலிருந்து வளைத்து என் கைகளை மார்போடு சேர்த்துப் பிடித்தன.

இந்த இடத்தில் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். எப்போதும் நடப்பது என்னவென்றால், காது, நாக்கு, சத்தம், பிறகு நான் இல்லை. அன்றைக்குக் காது சூடாகவில்லை. நான் அங்கேயே இருந்தேன். அந்தப் பிடியில் எலுமிச்சை சோப்பு மணம் வந்தது. பிடித்திருப்பது மிஸ் என்று தெரிந்தது. ஏதோ விளையாட்டோ, நான் நாற்காலியிலிருந்து விழப்போனேனோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பெட்டிமேல் இருந்த நீல விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்க்கிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி.

எல்லாம் விளங்கிவிட்டது. தோசை, பின்னல், தோளில் சாய்த்துக்கொண்டது, யோசிக்காதே என்று சொன்னது.

நான் கழுத்தைத் திருப்பி மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார், பிறகு திறந்தார். நான் குனிந்து அவருடைய வலது கை மணிக்கட்டுக்குக் கீழே கடித்தேன். ரத்தம் வாய்க்கு வரும்வரை விடவில்லை.

மஞ்சள் எரிந்தது.

"இல்ல சார்" என்றார் மிஸ். வலி தெரியாதவர்போலக் கையை உதறிக்கொண்டே பெட்டிக்கு ஓடிவந்தார். "மிஷின் தப்பு சார். இவளப் பின்னாலருந்து பிடிச்சா இவளுக்கு எதுவும் தெரியாது. பழைய மெடிக்கல் ரிப்போர்ட் இருக்கு. வேணும்னே பண்ணல சார் அவ."

"நீங்க ஏன் மேடம் பிடிச்சீங்க?"

மிஸ் கடிபட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "கடிச்சாத் தானுங்களே நீலம் வரணும், கடிச்சாளே" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். சபரிநாதன் சார் என் வாயைத் துடைக்கத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அந்த அறையில் அப்போது என்னைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். பிறகு அவரேதான் ஒழுங்குப் பள்ளிக்கும் எழுதினார்.

அங்கே நான் ஐந்து வருடம் இருந்தேன். அதைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிடித்தார்கள். நான்கு பேர் பிடித்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் இல்லாமல் போனேன், ஒவ்வொரு முறையும் நீலம்தான் எரிந்திருக்கும், ஆனால் அங்கே யாரும் வில்லை ஒட்டிப் பார்க்கவில்லை. ஒருமுறை அளந்து முடிவு செய்தால் செய்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர் வரலாம். அம்மா தவறாமல் வந்தாள். முதல் ஞாயிறே எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"உன்கிட்டச் சொன்னா அப்பறம் நீ வேணும்னு பண்ற மாதிரி ஆயிரும்னு மிஸ்ஸுதான் சொன்னாங்க அம்மிணி. சொல்லாமத்தான் பண்ணணும்னாங்க. உன்ற நல்லதுக்குத்தான கண்ணு பண்ணுனோம்."

"எனக்குத் தெரியும்மா" என்றேன். உண்மையிலேயே தெரியும். யோசித்துப் பார்த்தால் அவர்களுக்கு வேறு வழி இல்லை. எனக்கு உதவி கிடைக்க வேண்டுமென்றால் எனக்குத் தெரியாமல் என்னை ஏமாற்ற வேண்டும், சட்டத்தை அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள். அவர்கள் கணக்கில் ஒரே ஒரு பிசகு. வேறு யார் பிடித்திருந்தாலும் நீலம்தான் எரிந்திருக்கும். பயம் வந்தால்தான் நான் காணாமல் போவேன். மிஸ்ஸிடம் எனக்குப் பயம் இல்லை.

நான் வேணும்னேதான் கடித்தேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. மிஷின் தப்பு என்றே அவள் நம்பிக்கொண்டிருந்தாள், நம்பிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மிஸ்ஸிடம்தான் சொல்ல நினைத்தேன். திட்ட வேண்டும் என்றும் நினைத்தேன், மடியில் படுத்து அழ வேண்டும் என்றும் நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் வாசல் கேட் பக்கம் பார்ப்பேன். மிஸ் ஒரு தடவைகூட வரவில்லை. கடித்த கோபமாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன், பிறகு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது வருடம் நினைப்பதை நிறுத்திவிட்டேன். கேட்டைப் பார்ப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

வெளியே வந்த பிறகு பெருந்துறையில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்தது. ஆள் நடமாட்டம் இல்லாத இடம், எனக்குத் தோதான வேலை. அங்கேதான் ஒருநாள் மிஸ் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வாரியத்தை எதிர்த்து இத்தனை வருடமாக அவர் வழக்கு நடத்துகிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வழக்கின் பெயர் தாமிரா வழக்காம். என்னைக் கேட்காமல் என் பெயரை வைத்திருந்தார்கள். பின்னாலிருந்து பிடிக்கப்பட்டால் தன்னினைவு இழக்கும் என்று மருத்துவர்களே எழுதிக்கொடுத்த ஒரு பிள்ளையை, தெரிந்தே கடித்தாள் என்று சொன்ன மிஷின். இதைவிடத் தெளிவான தவறு வேறு எந்த வழக்கிலும் இல்லையாம். விசாரணைக் குழு என்னை நேரில் பார்க்க வேண்டும் என்கிறதாம்.

"நீ வந்து ரெண்டு வார்த்த சொன்னாப் போதும் தாமிரா. மிஷினையே எடுத்துடுவாங்க. கரூர் ரோட்டுல இருக்கற பிள்ளைங்க எல்லாம் வெளிய வந்துடும்."

"என்ன சொல்லணும்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றார் மிஸ்.

போனேன். விசாரணை கோயம்புத்தூரில். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் மிகவும் மென்மையாகப் பேசினார்.

"அன்னைக்கு உங்க டீச்சரக் கடிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்காம்மா?"

ஒழுங்குப் பள்ளியில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவளை நினைத்தேன். சந்தியா என்று பெயர். பிடித்துவிட்டுப் போன பிறகு தன் முடியைத் தானே பிய்த்துக்கொண்டிருப்பாள். அவள் இன்னும் அங்கேதான் இருந்தாள்.

"இல்லைங்க" என்றேன். "யாரோ பிடிச்சாங்க. அப்பறம் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"பிடிச்சது யாருன்னாவது தெரிஞ்சுதா?"

"தெரியலைங்க."

என் காதுக்குப் பின்னால் அன்றைக்கு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மையாரின் கண் கலங்கியிருந்தது. மிஷின் முடிந்தது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆணை வர இரண்டு மாதம் ஆயிற்று, சந்தியா வெளியே வந்தாள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

விசாரணை முடிந்து வெளியே வந்து, காந்திபுரம் போக பஸ்ஸுக்காக நானும் மிஸ்ஸும் நின்றிருந்தோம். வெயில் கொளுத்தியது. மிஸ் தன் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அந்தக் கையில்தான் தழும்பு இருந்தது.

"நான் வேணும்னேதான் கடிச்சேன் மிஸ்" என்றேன்.

அவர் குடையை அசைக்கவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"அப்பவே. கடிக்கறதுக்கு முன்னாடி என் மூஞ்சியப் பாத்தியே. நீ இல்லாமப் போனப்ப எல்லாம் உன் கண்ண நான் பாத்திருக்கேன். அன்னைக்கு நீ இருந்தே."

தப்பாகப் புரிந்துகொண்டு, என்னை அப்பாவி என்று நம்பி, எனக்காக இத்தனை வருடம் அலைந்தார் என்று நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில்தான் பாதி மன்னித்தும் இருந்தேன். தெரிந்தே அலைந்திருக்கிறார். என்னைக் கடிக்க வைத்ததும் அவர்தான், அந்தக் கடியை எடுத்துக்கொண்டுபோய் வழக்காக்கியதும் அவர்தான்.

"அப்ப ஏன் மிஸ் ஒரு தடவகூட என்ன வந்து பாக்கல? அஞ்சு வருஷம். ஒரு ஞாயித்துக்கிழமகூட."

பஸ் ஒன்று வந்து நின்றது. எங்கள் பஸ் இல்லை. அது போகும்வரை மிஸ் காத்திருந்தார்.

"வந்திருந்தா நீ என்கிட்ட உண்மையச் சொல்லியிருப்பே" என்றார். "நீ வாயால சொல்லி நான் கேட்டுட்டா, அப்பறம் கோர்ட்ல சத்தியம் பண்ணி என்னால எழுதித் தர முடியாது. கேஸே நின்னுருக்காது. அத்தன பிள்ளைங்க இருந்தாங்க தாமிரா."

அவர் கெஞ்சவில்லை, அழவுமில்லை. அந்தப் பழைய அறையில் எனக்குப் பாடம் சொல்லும்போது எப்படிச் சொல்வாரோ அப்படித்தான் சொன்னார். எங்கள் பஸ் வந்தது. அவர் ஏறி, பக்கத்தில் எனக்கு இடம் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். நான் ஏறவில்லை. கண்டக்டர் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார்.

அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே நின்று அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மிஸ் கணக்குப் போட்டதில் தப்பே இல்லை. நான் சொல்லித்தான் இருப்பேன். அவர் ஒரே ஒரு ஞாயிறு அந்தக் கேட்டுக்கு வந்து, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டிருந்தால் போதும், எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.